வாய் பிளந்த முதிரை வாங்கு (மர இருக்கை): என் அனுபவம்
வாங்கு ஒன்றுக்காக 2 அங்குல முதிரைப் பலகையில் (முதிரை ஒரு வைர மரம்) கையால் வெட்டிய புறாவால் பொருத்துகள் (புறா வால்போல் விரிந்த முனையை மற்றப் பலகையின் வெட்டில் கோர்க்கும் மூட்டுகள்) வன்னிக் கோடையில் வாய் பிளந்துவிட்டன. மரம் முழுதாகக் காயாததுதான் காரணம். அங்குலத் தடிப்புக்கு ஒரு வருடமாவது நிழலில் காய வேணும்.

மரத்தூளைப் பசையில் குழைத்து அப்பினால் பிறகு உதிரும். மெல்லிய வாளால் இடைவெளியை நேராக அரிந்தேன். அதே பலகைத் துண்டில், நார் ஓட்டம் வாலோடு ஒத்துப்போக ஆப்பு சீவி, பசை பூசி, கொட்டாப்புளியால் (மரச் சுத்தியலால்) மெதுவாக இறக்கினேன். தட்டும் ஓசை இறுகியதும் நிறுத்த வேணும். மேலும் அடித்தால் ஓரம் வெடிக்கும். ஒரு நாள் விட்டு மட்டமாகச் சீவினேன்.

புதிதாக வெட்டுவோருக்கு: முதிரைக்கு வாலின் பக்கச் சரிவு 8க்கு 1 (8 அங்குல நீளத்துக்கு 1 அங்குலம்) போதும், கூடினால் முனை தெறிக்கும். வாலை இருக்கைப் பலகையில் வெட்டுங்கள், கால் வெளியே விரியாது.