பழைய அடுக்குமாடியில் வீடு வாங்கியவர்கள் முதல் ஆண்டில் செய்யவேண்டியவை

சென்னையின் மாம்பலம், மயிலாப்பூர், அடையாறு போன்ற பகுதிகளில், 1970களிலும் 80களிலும் கட்டப்பட்ட சிறிய அடுக்குமாடிக் கட்டடங்கள் இன்றும் தெருவுக்குத் தெரு நிற்கின்றன. தரைத்தளத்துக்கு மேல் இரண்டு அல்லது மூன்று மாடிகள், மொத்தம் ஆறு முதல் பன்னிரண்டு வீடுகள், லிஃப்ட் கிடையாது, காவலர் பல இடங்களில் கிடையாது. புதிய குடியிருப்புகளில் உள்ளதைப் போன்ற பராமரிப்பு அலுவலகமும் இல்லை. கட்டியவர் எப்போதோ விலகிவிட்டிருப்பார். அத்தகைய கட்டடத்தில் வீடு வாங்குவோர் முதலில் தரைக்கு டைல்ஸ் பதிக்கிறார்கள், சமையலறையை மாற்றுகிறார்கள், வண்ணம் பூசுகிறார்கள். மேற்கு மாம்பலத்தில் ஒன்பது வீடுகள் கொண்ட கட்டடத்தில், மொட்டை மாடிக்கு நேர் கீழே வீடு வாங்கியபோது நானும் அதையே செய்தேன். அந்த ஐப்பசி மழையில் படுக்கையறைக் கூரையின் புதுப்பூச்சு உப்பி, கைப்பிடி கைப்பிடியாக உதிர்ந்தது. நான்கு சுவருக்குள் இருப்பது மட்டும் நம் வீடு அன்று. சம்ப் எனப்படும் நிலத்தடி நீர்த்தொட்டி, குழாய்கள், படிக்கட்டு, மொட்டை மாடி ஆகியவற்றில் நமக்குள்ள பங்கும் வீடுதான் என்பதை அதன் பிறகே அறிந்தேன். கட்டடத்தை முதலில் அறிந்து, உள்வேலையைக் கடைசியில் செய்வதற்கான வரிசை இது.

முதல் படி: யு.டி.எஸ். கணக்கைச் சரிபாருங்கள்

கிரையப் பத்திரத்தில் நிலத்தின் பிரிக்கப்படாத பங்கு எத்தனை சதுர அடி என்று எழுதியிருக்கும். அதைத்தான் எல்லோரும் யு.டி.எஸ். என்கிறார்கள். கட்டடத்துக்கு வயது ஏற ஏறக் கட்டுமானத்தின் மதிப்பு குறையும். நிலத்தின் மதிப்பே நிலைத்து நிற்கும். ஆகவே பழைய பிளாட்டில் உங்கள் உண்மையான சொத்து இந்த ஒரு எண்தான். அண்டை வீட்டாரிடம் அவரவர் பங்கைக் கேட்டுக் கூட்டிப் பாருங்கள். இரண்டு கிரவுண்டு மனையென்றால் கூட்டுத்தொகை 4,800 சதுர அடி வரவேண்டும். குறைந்தால், மீதிப் பங்கு கட்டியவரின் பெயரிலோ மூல நில உரிமையாளரின் பெயரிலோ தங்கிவிட்டதா என்பதைத் தாய்ப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றிதழையும் கொண்டு ஒரு வழக்கறிஞர் பார்க்கட்டும். அனுமதி பெற்ற வரைபடத்தின் நகல் யாரிடம் இருந்தாலும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சொத்து வரி ரசீதையும் மின் இணைப்பையும் உங்கள் பெயருக்கு மாற்றும் வேலையை இதே மாதத்தில் முடித்துவிடலாம்.

இரண்டாம் படி: தண்ணீர் வந்து போகும் வழியில் நடந்து பாருங்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், கட்டடத்தில் நீண்ட நாள் வாழ்பவர் ஒருவரையும் பிளம்பரையும் அழைத்துக்கொண்டு, மெட்ரோ வாட்டர் (சென்னைக் குடிநீர் வாரியம்) இணைப்பு உள்ளே நுழையும் இடத்திலிருந்து தொடங்குங்கள். குழாய் எந்த வழியாகச் சம்புக்கு வருகிறது, போர்வெல் தண்ணீர் தனியாகப் போகிறதா அல்லது அதே சம்பில் கலக்கிறதா, மோட்டார் எத்தனை குதிரைத்திறன், மேல்நிலைத் தொட்டி எத்தனை அறைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது, எந்த கேட் வால்வை மூடினால் எந்த வரிசை வீடுகளுக்குத் தண்ணீர் நிற்கும் என்பதையெல்லாம் ஒரு தாளில் படமாக வரையுங்கள். வால்வுகளுக்கு எண்ணிட்டு, அருகிலேயே பெயிண்டால் எழுதிவையுங்கள். நள்ளிரவில் குழாய் உடையும்போது, எந்த வால்வை மூடுவதென்று தெரியாமல் நிற்கும் கட்டடங்களே அதிகம்.

சம்பின் நீளம், அகலம், ஆழம் மூன்றையும் அடிக்கணக்கில் பெருக்கி, அதை 28.3 ஆல் பெருக்கினால் கொள்ளளவு லிட்டரில் கிடைக்கும். பத்தடி நீளம், ஆறடி அகலம், ஐந்தடி ஆழம் என்றால் ஏறத்தாழ 8,500 லிட்டர். ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது நகரக் குடிநீர்த் திட்டங்களில் எடுத்துக்கொள்ளும் அளவு. ஒன்பது வீட்டில் முப்பத்தாறு பேர் இருந்தால் தினம் 4,860 லிட்டர் வேண்டும். நிறைந்த சம்ப் இரண்டு நாளுக்கும் போதாது. 2019 கோடையில் லாரித் தண்ணீருக்காக வரிசையில் நின்றவர்களுக்கு இந்தக் கணக்கின் அருமை தெரியும். 9,000 லிட்டர் லாரியை வரவழைத்து, அதை இறக்கச் சம்பில் இடமில்லாமல் மீதியைத் திருப்பி அனுப்பிய கட்டடங்களும் உண்டு.

சம்ப் கசிகிறதா என்பதை எளிதாக அறியலாம். இரவு மோட்டாரை நிறுத்தி, உள்ளே வரும் வால்வையும் மூடி, நீர்மட்டத்தைச் சுவரில் குறித்துவிட்டுக் காலையில் பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் வெடிப்பு இருக்கிறது. அந்த வெடிப்பின் வழியாக நல்ல தண்ணீர் வெளியே போவதைக் காட்டிலும், சம்ப் காலியாக இருக்கும் நேரத்தில் பக்கத்துக் கழிவுநீர்ச் சேம்பரிலிருந்து அழுக்கு உள்ளே வருவதே பெரிய ஆபத்து. பழைய மனைகளில் சம்புக்கும் சேம்பருக்கும் இடைவெளி நான்கைந்து அடிதான் இருக்கும். சம்பின் மூடி தரைமட்டத்தோடு இருந்தால் விளிம்பை ஓரடியாவது உயர்த்திக் கட்டுங்கள்; 2015 டிசம்பர் வெள்ளத்தில் தெருநீர் நேரே குடிநீர்ச் சம்புக்குள் இறங்கியது பல வீடுகளின் அனுபவம்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை சம்பைக் கழுவும்போது, மூடியை நெடுநேரம் திறந்துவைத்துக் காற்றோட்டம் செய்த பிறகே, மேலே ஒருவர் நின்று கவனிக்க, உள்ளே ஆள் இறங்கவேண்டும். கழிவுநீர்த் தொட்டியிலும் சேம்பரிலும் எந்தக் காரணத்துக்காகவும் மனிதரை இறக்கக் கூடாது. அது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அதற்கு மேல், அது ஓர் உயிர். அடைப்பென்றால் இயந்திரத்தை வரவழையுங்கள். செலவு கூடுதல் என்று சொல்பவருக்குக் கூட்டத்தில் நீங்கள் மறுப்புச் சொல்லியே ஆகவேண்டும்.

மூன்றாம் படி: கசிவு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள்

பழைய பிளாட்டில் அண்டை வீட்டார் முகம் கொடுத்துப் பேசாமல் போவதற்குப் பெரும்பாலும் கசிவே காரணம். கீழ்வீட்டார் மேல்வீட்டாரைச் சொல்வார்; மேல்வீட்டார் பொதுக்குழாய் என்பார்; பிளம்பர் வந்து டைல்ஸ் முழுவதையும் உடைக்கச் சொல்வார். உடைப்பதற்கு முன் மூன்று நாள் பொறுமையாகக் கவனித்தாலே பெரும்பாலும் விடை கிடைக்கும்.

ஈரம் இரவும் பகலும் ஒரே அளவில் சொட்டுகிறதென்றால், அழுத்தத்தோடு தண்ணீர் வரும் குழாயைச் சந்தேகியுங்கள். மேல்வீட்டுக்குப் போகும் வால்வை மூடிவைத்துச் சில மணி நேரத்தில் சொட்டு குறைந்தால் அது உறுதி. அந்தக் காலத்து ஜி.ஐ. குழாய்கள் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்கள்) சுவருக்குள்ளேயே துருப்பிடித்து ஓட்டையாகியிருக்கும். மேல்வீட்டார் குளித்த பிறகு மட்டும் சொட்டுகிறதென்றால் அது கழிவுநீர்ப் பாதை அல்லது நகானி டிராப்பை (குளியலறைத் தரையில் நீர் வெளியேறும் வாய்) சுற்றியுள்ள இணைப்பு. கொஞ்சம் வண்ணப் பொடியைக் கரைத்து அதில் ஊற்றினால், அதே வண்ணம் கீழே தெரியும். மழைக்கு மட்டும் வருகிறதென்றால் மொட்டை மாடியோ வெளிச்சுவர் வெடிப்போ காரணம். அதற்குக் குளியலறையை உடைத்துப் பயனில்லை.

எங்கள் கட்டடத்தில் இரண்டு வீட்டார் ஓராண்டாகப் பேசாமல் இருந்தார்கள். வண்ணத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம், வால்வை மூடிப் பார்த்தோம், எதிலும் மாற்றமில்லை. கடைசியில், சன்ஷேடின் மேல் முளைத்திருந்த அரசஞ்செடியின் வேர் சுவருக்குள் பிளந்த வழியே மழைநீர் இறங்குவது தெரிந்தது. அரச, ஆலங்கன்றுகளைச் சிறிதாக இருக்கும்போதே வேரோடு எடுத்துவிடவேண்டும். மேலே ஒடித்துவிட்டால் போதாது, மீண்டும் தழைக்கும்.

யார் செலவு என்பதில் பொதுவான நடைமுறை இதுதான்: ஒரு வீட்டுக்குள் மட்டும் பயன்படும் குழாய் அந்த வீட்டாருடையது, பல வீடுகளுக்கும் செல்லும் செங்குத்துக் குழாய், வெளிச்சுவர், மொட்டை மாடி ஆகியவை எல்லோருடையவை. மொட்டை மாடி ஒழுகுவதற்கு மேல்மாடிக்காரர் மட்டும் பணம் போடவேண்டும் என்று கீழ்த்தளத்தார் சொன்னால் ஏற்காதீர்கள். அவர்கள் தலைக்கு மேலும் இருப்பது அந்தக் கூரைதான்.

நான்காம் படி: சுவரையும் கம்பியையும் பாருங்கள்

சமையலறையையும் கூடத்தையும் ஒன்றாக்க வேண்டும் என்ற ஆசை பலருக்கும் உண்டு. இக்காலக் கட்டடங்களில் தூணும் உத்திரமும் பாரத்தைத் தாங்குவதால் இடைச்சுவரை எடுக்க முடிகிறது. அந்நாளைய சிறு கட்டடங்கள் பலவற்றில் செங்கல் சுவரே பாரத்தைத் தாங்குகிறது. ஒன்பது அங்குலத் தடிமனில், கீழ்த்தளம் முதல் மேல்தளம் வரை ஒரே இடத்தில் நிற்கும் சுவரென்றால் அதில் கை வைக்காதீர்கள். நாலரை அங்குலச் சுவராயினும் கட்டமைப்புப் பொறியாளரின் எழுத்துப்பூர்வமான கருத்தைப் பெற்ற பிறகே உடைக்கவேண்டும்.

கூரையின் அடிப்பக்கம் கான்கிரீட் உப்பிக் கம்பி தெரிகிறதென்றால், மேலே சிமெண்ட் பூசி மறைப்பது வீண். ஈரம் பட்டுத் துருப்பிடித்த கம்பி தன் பழைய பருமனைக் காட்டிலும் அதிக இடத்தை அடைத்துக்கொண்டு கான்கிரீட்டைப் பிளக்கிறது. தளர்ந்த பகுதியை முழுதும் உடைத்தெடுத்து, துருவைச் சுரண்டி, தேவைப்பட்டால் புதுக் கம்பி கட்டி, துருத்தடுப்பு பூசி, அதன் பிறகே மூடவேண்டும். ஈரம் வரும் வழியை முதலில் அடைக்காமல் இதைச் செய்தால் மூன்றாம் ஆண்டில் மறுபடியும் உதிரும்.

ஐந்தாம் படி: பொது மின்மீட்டரின் கட்டண வகையைக் கேளுங்கள்

மோட்டாருக்கும் படிக்கட்டு விளக்குக்கும் தனி மீட்டர் இருக்கும். பத்து அல்லது அதற்குக் குறைவான வீடுகளும், மூன்று மாடிகளுக்கு மிகாமலும், லிஃப்ட் இல்லாமலும் உள்ள குடியிருப்புகளுக்கு, இந்தப் பொதுப் பயன்பாட்டுக் கட்டணத்தை 2023 நவம்பர் முதல் யூனிட்டுக்கு 8 ரூபாய் 15 காசிலிருந்து 5 ரூபாய் 50 காசாகத் தமிழக அரசு குறைத்தது. அதன் பிறகு கட்டணங்கள் திருத்தப்பட்டிருந்தாலும், உங்கள் கட்டடம் சலுகை வகையில் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று மின்வாரிய அலுவலகத்தில் கேட்பது நல்லது. வீட்டுக்குள் பழைய வயரிங் என்றால், 30 மில்லி ஆம்பியர் கசிவைக் கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்றை உடனே பொருத்துங்கள்.

ஆறாம் படி: சங்கத்தையும் அதன் கணக்கையும் சீர்செய்யுங்கள்

ஒன்பது வீடு இருக்கும் இடத்தில் சங்கம் எதற்கு என்று கேட்பார்கள். பதிவு பெற்ற சங்கம் இல்லையென்றால் வங்கிக் கணக்கு யாரோ ஒருவரின் பெயரில் இருக்கும். அவர் வீட்டை விற்றுப் போகும்போது பணமும் கணக்கும் சிக்கலாகும். 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் ஏழு பேர் சேர்ந்தால் சங்கத்தைப் பதிவு செய்யலாம்.

மாதச் சந்தாவை நடப்புச் செலவுக்கு மட்டும் வசூலிப்பதே பழைய கட்டடங்களின் பெருங்குறை. மொட்டை மாடியில் பழைய தட்டோட்டை எடுத்துவிட்டுப் புதிதாக நீர்த்தடுப்பு செய்ய 2,70,000 ரூபாய் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வீட்டுக்கு 30,000 ரூபாய். திடீரென்று கேட்டால் ஓய்வூதியத்தில் வாழ்பவரால் தர முடியாது, வாடகைக்கு விட்டுவிட்டு வெளிநாட்டில் இருப்பவர் பதில் எழுதமாட்டார், வேலை நின்றுபோகும். அதே தொகை, மாதம் 500 ரூபாய் வீதம் ஐந்து ஆண்டில் சேர்ந்துவிடும். ஆகவே சந்தாவோடு சேர்த்து, இத்தகைய பெருஞ்செலவுக்கான கார்பஸ் நிதியை வசூலித்துத் தனி வைப்பில் போடுங்கள். வரவு செலவை மாதந்தோறும் படிக்கட்டின் கீழ் ஒட்டிவிட்டால், பணம் தரத் தயங்குபவர்களும் தரத் தொடங்குவதைக் காண்பீர்கள்.

இடித்துப் புதிதாகக் கட்டும் பேச்சும் இந்தக் கூட்டங்களில்தான் எழும். முன்பெல்லாம் ஒருவர் மறுத்தாலும் அது நடக்காது. 2024 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்த 2022ஆம் ஆண்டுத் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் மறுகட்டுமானம் செய்ய வழி தருகிறது. ஆகவே இசைவில்லாதவரும் கூட்டத்துக்குப் போகத்தான் வேண்டும். தீர்மானப் புத்தகத்தில் தம் கருத்தைப் பதிவு செய்யவேண்டும். முதல் படியில் கூட்டிப் பார்த்த யு.டி.எஸ். கணக்கு இங்கேதான் உதவும், ஏனென்றால் புதுக் கட்டடத்தில் யாருக்கு எவ்வளவு என்ற பேச்சு அந்த எண்ணிலிருந்தே தொடங்குகிறது.

ஏழாம் படி: புரட்டாசிக்குள் மொட்டை மாடி ஏறுங்கள்

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. அதற்கு முன் ஒரு நாள், எல்லா வீட்டிலிருந்தும் ஒருவராவது மொட்டை மாடிக்கு வரட்டும். உடைந்த நாற்காலி, காலி பெயிண்ட் டப்பா, பயனற்ற தொட்டி அனைத்தையும் கீழே இறக்குங்கள். மழைநீர்க் குழாய்களின் வாயில் இலையும் சிமெண்ட் கட்டியும் அடைத்திருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, கீழே உள்ளவர் குரல் கொடுக்கும் வரை காத்திருங்கள். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் வெடிப்பிருந்தால் சாக்பீஸால் குறியுங்கள், பெரும்பாலான ஒழுக்கு அந்த மூலையில்தான் பிறக்கிறது. தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டாயமாக உள்ள மழைநீர்ச் சேகரிப்புக் குழியில், மேலுள்ள கூழாங்கல்லையும் மணலையும் எடுத்துக் கழுவிப் போடுங்கள். குறித்த வெடிப்புகளை மேஸ்திரி அடைத்து, அது நன்றாகக் காய ஒரு வாரமாவது வெயில் வேண்டும். அந்த வேலை முடிந்து முதல் மழையைப் பார்த்த பிறகு, உள்ளே பூசவேண்டிய வண்ணத்தைத் தேர்ந்தெடுக்கலாம்.