மரத்தடிக்கு லோரியை விடாதீர்கள்: பூங்கா நிகழ்ச்சிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பினாங்கில் குடியிருப்பாளர் சங்கங்களின் ஆண்டுக் கூட்டங்கள் முடிந்ததும் எனக்குத் தொலைபேசி அழைப்புகள் வர ஆரம்பித்துவிடும். புதிதாகப் பொறுப்பேற்ற செயலாளர், விளையாட்டுப் பிரிவுத் தலைவர், சில சமயம் மாநகர் மன்றத்தில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்த இளைஞர். "அண்ணே, நம்ம தாமான் (குடியிருப்பு) பூங்காவுல ஒரு குடும்ப தினம் செய்யலாம்னு இருக்கோம்." நல்ல பிள்ளைகள், உழைக்கத் தயங்காதவர்கள். ஆனால் திட்டத்தை மேசையில் விரித்ததுமே தெரிந்துவிடும். முன்பிருந்தவர்கள் விழுந்த அதே பள்ளத்தை நோக்கி நேராக நடந்துகொண்டிருப்பார்கள்.

அனுமதிக் கடிதம், குப்பைத் தொட்டி, முதலுதவிப் பெட்டி, ஒலிபெருக்கியை எத்தனை மணிக்கு நிறுத்துவது போன்றவற்றை நான் எழுதப் போவதில்லை. விண்ணப்பப் பாரத்திலேயே எல்லாம் இருக்கிறது, ஒரு முறை முழுதாகப் படித்தால் போதும். பாரத்தில் இல்லாதவற்றைத்தான் இங்கே சொல்கிறேன்.

மரத்தடியில் லோரி

இதைப் பற்றி இன்னும் என்னால் பொறுமையாகப் பேச முடிவதில்லை.

குடும்ப தினமோ பொங்கல் விழாவோ தீபாவளி விருந்துபசரிப்போ, ஏற்பாட்டுக் குழுவின் கண் முதலில் போவது பூங்காவிலேயே பெரிய மரத்தின்மேல்தான். நம் பழைய பூங்காக்களில் அது பெரும்பாலும் தூங்குமூஞ்சி மரமாக இருக்கும். மலாய்க்காரர்கள் புக்குல் லீமா என்பார்கள். நல்ல அகன்ற நிழல். மேடையை அங்கே போடலாம், கூடாரத்தை அங்கே அடிக்கலாம், சாமான் ஏற்றிவரும் லோரியை அடிமரம் வரைக்கும் பின்பக்கமாக எடுத்து இறக்கிவிட்டால் ஆள்கூலியும் மிச்சம். காகிதத்தில் பார்க்க எல்லாம் அம்சமாகத்தான் இருக்கும்.

வேர் என்றாலே பூமிக்குள் ஆழமாக இறங்கும் ஆணிவேர்தான் பலருக்கு ஞாபகம் வரும். ஆனால் தண்ணீரையும் சத்தையும் உறிஞ்சும் மெல்லிய வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணில், முதல் 30 சென்டிமீட்டருக்குள்ளேயே கிடக்கின்றன. கிளைகளின் விளிம்பையும் தாண்டி வெளியே ஓடுகின்றன. அந்த வேர்களுக்குத் தண்ணீரைப் போலவே காற்றும் வேண்டும். மண்துகள்களுக்கு நடுவே உள்ள நுண்ணிய இடைவெளிகளில்தான் அந்தக் காற்று இருக்கிறது. பாரம் ஏற்றிய லோரி ஏறினால் அந்த இடைவெளிகள் நசுங்கிப்போகும். பத்து முறை போய் வந்தால்தான் கெடும் என்று நினைக்காதீர்கள். பெரும்பகுதிச் சேதம் முதல் இரண்டு மூன்று ஓட்டத்திலேயே முடிந்துவிடும். மண் ஈரமாக இருந்தால் கேட்கவே வேண்டாம். பினாங்கில் மழை அதிகம் பெய்வது செப்டம்பர், அக்டோபர் மாதங்களில். தீபாவளி நிகழ்ச்சிகள் வருவதும் அதையொட்டித்தான்.

ஒரு தாமானில் நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். முந்தின இரவு நல்ல மழை. காலையில் கூடார லோரி புல்வெளியில் ஏறி மரத்தடிக்குப் போனது, பின்சக்கரம் புதைந்துகொண்டது. ஓட்டுநர் முன்னும் பின்னும் எடுத்துப் பார்த்தார், பலகை வைத்துப் பார்த்தார், கடைசியில் இன்னொரு லோரி வந்து கயிறு கட்டி இழுத்தது. அதுவும் அதே புல்வெளியில் ஏறித்தான். மரத்தைச் சுற்றி ஒரு சாண் ஆழத்துக்குச் சக்கரத் தடம். அதில் தண்ணீர் தேங்கியது. சில நாள் கழித்துக் குச்சியால் கிளறிப் பார்த்தேன். மண் சாம்பல் நிறத்துக்கு மாறி, அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. காற்றுப் போகாத மண் அப்படித்தான் நாறும். சங்கத்தார் தடத்தில் மணலைக் கொட்டி மூடி மேலே புல் பதித்துவிட்டார்கள். நிகழ்ச்சியன்று சமையலும் அங்கேதான் நடந்தது. பொரித்து மிஞ்சிய எண்ணெயையும் சுடச்சுடக் கஞ்சித் தண்ணீரையும் கொண்டுபோய் மரத்தின் மூட்டிலேயே ஊற்றியிருந்தார்கள்.

அடுத்த மாதம் புல் பச்சைப்பசேல் என்று வந்துவிட்டது. "பார்த்தீங்களா அண்ணே, ஒண்ணும் ஆகலையே" என்றார் செயலாளர்.

எனக்கு எரிச்சலூட்டுவது இந்த வார்த்தைதான். புல்லின் கணக்கு வேறு, மரத்தின் கணக்கு வேறு. புல் ஒரு மாதத்தில் தேறிவிடும். பெரிய மரம் தன் உடம்பில் சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்தைச் செலவழித்துக்கொண்டு ஓரிரு ஆண்டு ஒன்றும் நடக்காததுபோலவே நிற்கும். அப்புறம் இலை சிறுக்கும். உச்சிக் கிளைகள் ஒவ்வொன்றாக மொட்டையாகி மான்கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும். அடிமரத்தில் தட்டுத் தட்டாகக் காளான் தலைகாட்டும். அதற்குள் சங்கத்தில் நிர்வாகமே மாறியிருக்கும். லோரி வந்த நாளையும் காளான் வந்த நாளையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க ஆளே இருக்காது. புதிய குழுவும் அதே பூங்காவில் அடுத்த மரத்தடிக்கு லோரியை விடும்.

அந்தத் தாமான் மரமும் அப்படித்தான் போனது. கிரேன் வந்தது, சாலையை மூடினார்கள், துண்டு துண்டாக அறுத்து இறக்கினார்கள். எங்கள் மரத்தை ஏன் வெட்டினீர்கள் என்று அதே சங்கம் மனுக் கொடுத்தது! இப்போது அங்கே எந்த நிகழ்ச்சி என்றாலும் நிழலுக்காகக் கூடுதல் கூடாரம் வாடகைக்கு எடுக்கிறார்கள்.

இதில் சட்டத்தின் வேடிக்கை ஒன்று உண்டு. 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி, சுற்றளவு 0.8 மீட்டருக்கு மேல் உள்ள மரத்தை ஊராட்சி மன்றத்தின் அனுமதியில்லாமல் இங்கே வெட்ட முடியாது. ரம்பத்தை எடுத்தால் வழக்கு வரும். சக்கரத்தை ஏற்றிக் கொன்றால் மேடையில் நினைவுப் பரிசு கிடைக்கும்.

2017 நவம்பர் 4ஆம் தேதி தொடங்கிய அந்தப் பேய்மழையில் தீவு முழுக்க மரங்கள் சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. அவ்வளவு காற்றுக்கு நல்ல மரமும் சாயும், அது வேறு விஷயம். ஆனால் வேர் செத்த பெரிய மரத்தைச் சாய்க்க அவ்வளவு காற்று தேவையில்லை. அதன் கீழேதான் பிள்ளைகள் ஊஞ்சல் ஆடுகிறார்கள்.

சரி, என்ன செய்யலாம்? நிகழ்ச்சிக்கு முந்தின நாளே கிளைகளின் விளிம்புக்கு நேர்கீழே சுற்றிலும் ஒரு கயிறு கட்டிவிடுங்கள், இடம் இருந்தால் இன்னும் தள்ளியே கட்டுங்கள். அதற்குள் சக்கரம் எதுவும் வரக்கூடாது, ஐஸ்கிரீம் வேன் உட்பட. லோரி சாலையிலேயே நிற்கட்டும். சாமானைக் கையிலோ தள்ளுவண்டியிலோ கொண்டுவரலாம். மேடை, சமையல், ஜெனரேட்டர் எல்லாம் வெயில் பக்கம். மரத்தடி உட்காருகிறவர்களுக்கு. கூடாரத்துக்கு இரும்பு முளை அடிக்காமல், தண்ணீர் நிரப்பிய பீப்பாய்களில் கட்டச் சொல்லுங்கள். கூடாரக்காரர் முகம் சுளிப்பார், ஆனால் செய்து கொடுப்பார். வண்டி உள்ளே வந்தே தீர வேண்டும் என்றால், மண் காய்ந்திருக்கும் நாளில் மட்டும், மரச்சில்லுகளைத் தடிமனாகப் பரப்பி அதன்மேல் கனமான பலகைகளை அடுக்கி ஒரே வழியில் விடுங்கள்.

ஏற்கெனவே இறுகிப்போன இடமா என்று பார்க்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. மழை பெய்த மறுநாள் நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒன்றை மண்ணில் அழுத்திப் பாருங்கள். கை வலிக்க அழுத்தியும் இறங்கவில்லை என்றால் அங்கே இனி எந்த நிகழ்ச்சியும் வேண்டாம். அடிமரத்தைத் தொடாமல் சுற்றிலும் மரச்சில்லு பரப்பி, ஆள் நடமாட்டத்தையே திருப்பிவிடுங்கள். மீள்வதற்கு ஆண்டுக்கணக்கில் ஆகும்.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஜாலான் உத்தாமாவிலிருந்து தண்ணீர்மலைக் கோயில் வரைக்கும் பந்தல் கட்டுங்கள், யாரும் வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை. விளக்குக்காக மரத்தைச் சுற்றிய கம்பியை மட்டும் விழா முடிந்ததும் அவிழ்த்துவிடுங்கள். மரம் பருக்கப் பருக்க அந்தக் கம்பி பட்டைக்குள் புதைந்து கழுத்தை நெரிக்கும்.

மரம் நடு விழா

பல பூங்காக்களில் நட்டவரின் பெயர்ப் பலகை மரத்தைவிட நீண்ட நாள் நிற்கிறது.

தண்ணீர் ஊற்றாமல் செத்தது என்பார்கள். கொஞ்சம் குனிந்து கன்றின் அடியைப் பாருங்கள். தரையிலிருந்து நாலு விரல் உயரத்துக்குள் பட்டை சுற்றிலும் உரிந்து வெள்ளையாகத் தெரிந்தால், அது புல்வெட்டும் இயந்திரத்தின் வேலை. அதில் சுழலும் நைலான் கயிறு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டையைச் சீவிவிடும். இலை தயாரிக்கும் உணவு பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்க வேண்டும். வட்டமாக உரிந்துவிட்டால் வழி அடைத்தது, கன்று போனது. வெட்டுகிறவரைத் திட்டிப் பயனில்லை. அவருக்கு ஒரு நாளைக்கு இத்தனை பூங்கா என்று கணக்கு இருக்கிறது. கன்றைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்குப் புல்லே இல்லாமல் மரச்சில்லு போட்டுவிட்டால் இயந்திரம் அதன் பக்கத்தில் வர வேண்டிய அவசியமே இருக்காது.

பழைய டயரில் பூச்செடி

கோத்தோங் ரோயோங், அதாவது எல்லாரும் கூடிச் செய்யும் பொதுப்பணி, என்றாலே நம்மவர்களுக்குப் பழைய டயரும் நாலு டின் சாயமும் வேண்டும். சிவப்பு, மஞ்சள், நீலம் என்று பூசி, வரிசையாக அடுக்கி, நடுவில் செடி வைத்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். செடி காய்ந்துவிடும், டயர் காயாது. அதன் உள்வளைவில் நிற்கும் தண்ணீரை எப்படிக் கவிழ்த்தாலும் முழுதாக வெளியேற்ற முடியாது. டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள் போதும். தண்ணீர் வற்றினாலும் முட்டை மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டிக்கொண்டிருந்து, அடுத்த மழைக்குப் பொரிக்கும். ஆக, அழகுபடுத்துகிறோம் என்று விளையாட்டுத் திடலுக்குப் பக்கத்திலேயே டிங்கிப் பண்ணை வைத்துவிடுகிறோம். நோய் பரப்பும் பூச்சிகளை அழிப்பதற்கு 1975இலேயே சட்டம் வந்துவிட்டது. சுகாதார அதிகாரி வந்து நோட்டீஸ் எழுதும்போது, சமூக சேவைக்காக வைத்தோம் என்று சொல்லித் தப்ப முடியாது.

டயர் வேண்டவே வேண்டாம். பிடிவாதமாக வேண்டும் என்றால் சுற்றிலும் பெரிய ஓட்டைகள் போட்டு, உள்வளைவு முழுக்க மண்ணை அடைத்துவிடுங்கள்.

குரங்குக்கு வாழைப்பழம்

கொடுக்காதீர்கள். கொடுப்பவரைக் கடிக்காத குரங்கு அடுத்து வரும் பிள்ளையின் பையைப் பிடுங்கும்.

உடற்பயிற்சிக் கருவிகள்

உதிரிபாகம் எங்கே கிடைக்கும் என்று எழுத்தில் தராதவரிடம் வாங்காதீர்கள்.

வந்தவர்களிடம் மட்டும் கருத்துக் கேட்பது

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ஏரோபிக்ஸ். முடிந்ததும் கருத்துப் பாரம். எல்லாரும் "மிக நன்று" என்று எழுதுவார்கள், எழுதாமல் என்ன செய்வார்கள்? அவர்கள்தான் அந்த நேரம் ஒத்துவந்ததால் வந்தவர்கள் ஆயிற்றே. அந்தப் பாரங்களை அடுக்கிவைத்து மானியத்துக்கு விண்ணப்பிப்பார்கள், அடுத்த ஆண்டும் அதே ஏழு மணி, அதே முகங்கள்.

பாயான் லெப்பாஸ் பக்கம் ஒரு அடுக்குமாடியில் பெண்கள் யாருமே பூங்காவுக்கு வருவதில்லை என்று புதிய குழு ஒன்று குறைபட்டுக்கொண்டது. "நம்ம பொம்பளைங்களுக்கு உடம்பைப் பத்திக் கவலையே இல்லண்ணே." கீழே இருக்கும் மளிகைக் கடையில் அரை மணி நேரம் நின்று பேசச் சொன்னேன். 1972இல் தடையற்ற தொழில் வட்டாரம் வந்ததிலிருந்து அங்கே பல குடும்பங்களின் தூக்கமும் சமையலும் தொழிற்சாலை ஷிப்டைப் பார்த்துத்தான் நடக்கின்றன. காலை ஏழு மணிக்கு ஒரு கூட்டம் பஸ் ஏறுகிறது, இன்னொரு கூட்டம் இரவு வேலை முடிந்து கண் எரிய வீடு திரும்புகிறது. இதில் யார் வந்து கையைக் காலை ஆட்டுவது? அவர்களுக்குத் தோதான நேரம் சாயங்காலம் ஆறரைக்கு மேல். போய்ப் பார்த்தால் நடைபாதையில் இரண்டு விளக்கு எரியவில்லை, கழிப்பறையை ஆறு மணிக்கே பூட்டிவிடுகிறார்கள். சர்க்கரை நோய் உள்ள அம்மாக்கள், கழிப்பறை பூட்டிய பூங்காவுக்கு எப்படி வருவார்கள்?

விளக்குக்குப் புகார் எழுதினோம். கழிப்பறையை ஒன்பது மணி வரை திறந்துவைக்க ஏற்பாடு செய்தோம். பயிற்றுநர், இசை, டி-சட்டை எதுவும் தேவைப்படவில்லை. இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து அவர்களே நடக்க வந்துவிட்டார்கள். ஏரோபிக்ஸுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதி நாற்காலிகளைப் பழுதுபார்க்கப் போனது.

எனவே புதிய குழுவின் முதல் கூட்டத்திலேயே இரண்டு கேள்விகளைக் கேட்டு, பதிலைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்: கழிப்பறைச் சாவி யாரிடம் இருக்கிறது, அவர் எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போகிறார்?