பாறையேறும் இடத்துக்குப் பாதை போடுவது எப்படி?

மருத்துவாழ்மலை மாதிரி குன்றுகளில் பாறையேறப் பழக ஆசைப்படுகிறவர்கள் கயிறு, முடிச்சு என்று நிறையக் கற்றுக்கொள்கிறார்கள். பாறையடி வரை நடக்கிற ஒற்றையடிப் பாதையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அங்கேதான் மண் கரைகிறது. நம் குமரி மாவட்டத்தில் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பதால், பாதை வேலையில் முக்கால்வாசி தண்ணீரைத் திருப்பிவிடுகிற வேலைதான்.

மண்வெட்டியைத் தொடும் முன் அனுமதி வாங்குங்கள். காட்டு நிலமென்றால் வனத்துறையிடம். கோயில் நிலமோ பட்டா நிலமோ என்றால் உரியவர்களிடம். சிதறால் மலைப் பக்கம் அந்த ஆசையே வேண்டாம். அது தொல்லியல் துறை பாதுகாக்கும் சமணச் சின்னம். பாதுகாக்கப்பட்ட எல்லையைச் சுற்றி 100 மீட்டருக்குக் கட்டுமானத் தடை உண்டு.

பிறகு, இடியில்லாத ஒரு மழை நாளில் பாதையை நடந்து பாருங்கள். தண்ணீர் எங்கே பாதைக்குள் இறங்குகிறது, எங்கே வெளியேறாமல் ஓடுகிறது என்று சுண்ணாம்பால் கல்லில் குறி போடுங்கள். வரைபடத்தைவிட இது நம்பகமானது.

புதிய பாதையென்றால் சரிவின் குறுக்கே போகட்டும், நேர் மேலே வேண்டாம். 10 மீட்டர் நடந்தால் 1 மீட்டர் உயரம் என்பது நல்ல கணக்கு. மலைச்சரிவின் சாய்வில் பாதிக்கு மேல் பாதையின் ஏற்றம் இருந்தால், தண்ணீர் பாதையையே ஓடையாக்கிவிடும்.

குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டம் பார்த்தவர்கள் இங்கே கவனிக்கணும். மரத்துக்கு நீர் தங்க வேண்டுமென்று அங்கே தளத்தை மலைப்பக்கம் சாய்த்து வெட்டுவார்கள். நமக்கு அதற்கு நேர் எதிர்: பள்ளத்துப் பக்கம் சாயணும். 60 செ.மீ. அகலப் பாதைக்கு 3 செ.மீ. இறக்கம் போதும். கொத்தனாரின் ரசமட்டத்தை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

ஏற்கெனவே அரித்துப்போன இடத்தில் பாதைக்குக் குறுக்கே, 45 டிகிரி வாக்கில் சாய்வாகக் கல் வரிசை பதியுங்கள். கல்லில் பாதிக்கு மேல் மண்ணுக்குள் இருக்கணும், மிதித்தால் ஆடக்கூடாது. மழைநீர் அதில் முட்டி வெளியே போகும். செங்குத்தான இடத்தில் கற்படி. கீழிருந்து மேலே கட்டுங்கள். மேல்படி கீழ்ப்படியின் மேல் கொஞ்சம் ஏறி உட்காரணும். கயிறு பிடிப்பவர் நிற்கிற பாறையடியில் மண் சரிந்தால், சிமெண்ட் இல்லாமல் கல்லை அடுக்கிக் கையாலை (தடுப்புச் சுவர்) கட்டி உள்ளே சரளை நிரப்பலாம். கல்லைப் பக்கத்திலிருந்து பெயர்த்தால் அங்கே புதுக் குழி. கொஞ்சம் தள்ளி, கிடக்கிற கல்லையே பொறுக்குங்கள்.

குறுக்குவழிகளை அடைக்க உலர்ந்த முள் போதும். போர்டு வைத்து யார் கேட்டார்கள்?

பிடி வழுக்காமலிருக்க ஏறுபவர்கள் கையில் பூசுகிற வெள்ளைப் பொடி பாறையில் படிந்தால் நைலான் பிரஷால் தேய்க்கலாம், கம்பி பிரஷ் கூடாது. பெருந்தேனீக் கூடு தெரிந்தால் அன்று வேலையை விட்டுவிடுங்கள்.

ஜூனுக்கு முன்னும் அக்டோபருக்கு முன்னும் ஒருமுறை போய், கல் வரிசைகளில் சேர்ந்த சருகையும் வண்டலையும் அள்ளிப் பள்ளத்துப் பக்கம் போட்டுவிடுங்கள்.