ஃபேன்டசி சீரியலின் ஒரு காட்சியைப் பிரித்துப் படிப்பது எப்படி?

ஊடகக் கல்வி வகுப்பில் நான் எழுதிக் கொடுத்த முதல் கட்டுரை திரும்பி வந்தபோது, ஓரத்தில் பென்சிலால் ஏழு இடங்களில் ஒரே கேள்வி இருந்தது: "அதனால் என்ன?"

"லோ ஆங்கிள் ஷாட் (கீழேயிருந்து அண்ணாந்து எடுத்தது), எனவே அதிகாரம்" என்று எழுதியிருந்தேன். அதனால் என்ன? "நீல நிறம், எனவே குளிர், எனவே மரணம்." அதனால் என்ன? அன்றைக்குக் கோபம்தான் வந்தது. அந்தப் பென்சில் கேட்டது நியாயமான கேள்வி என்று ஒப்புக்கொள்ள இன்னும் நாலைந்து கட்டுரைகள் ஆயின. இப்போது புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் அதே குழியில் விழுவதைப் பார்க்கிறேன். அதனால் நான் செய்கிற முறையை அப்படியே எழுதி வைக்கிறேன்.

க்ளோசப், வைடு ஷாட், கட் எல்லாம் தெரியும் என்றே எடுத்துக்கொள்கிறேன். தெரியாவிட்டால் அது அரை மணி நேர வேலை, படித்துவிட்டு வாருங்கள்.

1. ஒரு காட்சியை எடுங்கள், ஒரு சீசனை அல்ல

இரண்டிலிருந்து நான்கு நிமிடம் போதும். "எல்லாருக்கும் பிடித்த காட்சி" வேண்டாம். பார்க்கும்போது உங்களுக்கு எங்கோ நெருடிய காட்சியாக இருக்கட்டும். நெருடல் இருந்தால் கேள்வி தானாக வரும்.

நான் எடுப்பது 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' மூன்றாம் சீசனின் கடைசிக் காட்சி. 2013 ஜூன் 9 அன்று ஒளிபரப்பானது. டிராகன்களை வளர்க்கும், இழந்த அரியணையைத் தேடும் இளவரசி டெனேரிஸ், தன் படையோடு அடிமை வணிக நகரமான யுன்காயின் வாசலுக்கு வெளியே காத்திருக்கிறாள். கதவு திறந்து, நேற்றுவரை அடிமைகளாக இருந்தவர்கள் கூட்டமாக வெளியே வருகிறார்கள். கூட்டம் அவளை "மீசா" என்று அழைக்கிறது. அவர்கள் மொழியில் அம்மா என்று பொருள். அவள் கூட்டத்துக்குள் இறங்குகிறாள், தூக்கிக்கொள்கிறார்கள், கேமரா மேலே போகிறது, டிராகன்கள் பறக்கின்றன, சீசன் முடிகிறது.

முதல் தடவை பார்த்தபோது எனக்குப் புல்லரித்தது. மறுநாள் ஏனோ கூச்சமாக இருந்தது. இந்த இரண்டும் ஏன் ஒன்றாக வந்தன என்பதுதான் என் கேள்வி.

2. மூன்று முறை பாருங்கள்

ஒரு தடவை சாதாரணமாக. ஒரு தடவை சத்தமே இல்லாமல். ஒரு தடவை திரையைப் பார்க்காமல் ஒலியை மட்டும்.

மூன்றாவதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். இந்தக் காட்சியில் கண்ணை மூடிக் கேட்டால் உணர்ச்சியில் பாதி ரமீன் ஜவாடியின் இசையிலிருந்து வருவது தெரியும். கூட்டத்தின் கூச்சலும் பின்னணி இசையின் கோரஸும் ஒன்றுக்குள் ஒன்று கரைகின்றன. கதைக்குள் கத்துகிறவர்கள் யார், கதைக்கு வெளியே பாடுகிறவர்கள் யார் என்று பிரிக்க முடியாமல் போகிறது.

கருவி விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். விஎல்சி பிளேயர் போதும். கணினியில் ஈ என்ற ஆங்கில எழுத்து விசையை அழுத்தினால் ஃபிரேம் ஃபிரேமாக நகரும். ஷிஃப்ட்டும் எஸ்ஸும் சேர்த்து அழுத்தினால் படம் எடுத்துக்கொள்ளும். குறிப்பு எடுக்க எக்செல் வேண்டாம். கட்டங்களை நிரப்புவதிலேயே மனம் திருப்தி அடைந்து, யோசிப்பதை நிறுத்திவிடும். கோடு போடாத தாள், பென்சில், நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் கண்ணால் கண்டது, வலப்பக்கம் அதிலிருந்து தோன்றியது.

3. முதலில் இடப்பக்கம் மட்டும்

பொருள் சொல்லாதீர்கள். "புனிதமாகத் தெரிகிறாள்" என்பது வலப்பக்கத்துச் சரக்கு. "வெளிறிய தலைமுடி, வெளிர்நீல உடை, சுற்றிலும் மண் நிற உடைகள், மாநிறமும் கருப்புமான முகங்கள்" என்பது இடப்பக்கம். இதற்கு மேல் இந்தப் படியில் சொல்ல எதுவும் இல்லை. பொறுமைதான் வேண்டும்.

4. மாற்றிப் போட்டுப் பாருங்கள் (நான் சறுக்கிய இடம்)

"நீலம் என்றால் இது, லோ ஆங்கிள் என்றால் அது" என்று ஒரு அகராதியை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். என் முதல் கட்டுரை கெட்டது அதனால்தான்.

நமக்கு இந்தப் பழக்கம் வருவதில் ஆச்சரியமும் இல்லை. பள்ளியிலேயே முதல், கரு, உரி படித்தவர்கள் நாம். மாலையும் மழையும் முல்லைப்பூவும் வந்தால் யாரோ காத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். சுட்டெரிக்கும் வெயிலும் கள்ளியும் வந்தால் பிரிவு. நிலமும் பொழுதும் பறவையும் சேர்ந்து, வாயால் சொல்லாததைச் சொல்லிவிடும். திரையில் ஒரு ஃபிரேமுக்குள் இடம், ஒளி, பொருள், உடை எல்லாம் சேர்ந்து செய்வதும் ஏறக்குறைய அதே வேலைதான். ஒரு வித்தியாசம் உண்டு. சங்கப் பாட்டில் புலவருக்கும் கேட்பவருக்கும் இடையே ஓர் உடன்படிக்கை இருந்தது. தொலைக்காட்சியில் அப்படி ஊரறிந்த பட்டியல் கிடையாது. ஒவ்வொரு தொடரும் தன் அகராதியைத் தானே எழுதிக்கொண்டு போகிறது. இதே தொடரில் வடக்கே பனிச்சுவருக்கு அப்பால் நீலம் செத்தவர்களின் கண்ணில் இருக்கிறது. யுன்காய் வாசலில் அதே நீலம் உயிர் தருகிறவளின் உடையில் இருக்கிறது. அகராதியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

வழி இதுதான். இடப்பக்கத்தில் எழுதிய ஒன்றை மட்டும் மனதில் மாற்றுங்கள். மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும். எது மாறுகிறது என்று பாருங்கள். மாறுகிற அந்த அளவுதான் அந்தத் தேர்வின் பொருள்.

அவள் உடையை மண் நிறமாக்குங்கள். கடைசி ஷாட்டில், மேலேயிருந்து பார்க்கும்போது, கூட்டத்துக்குள் அவள் தொலைந்துபோவாள். ஆக, இந்த நீலத்தின் வேலை குளிரைக் காட்டுவதோ அமைதியைக் காட்டுவதோ அல்ல. எத்தனை ஆயிரம் பேருக்கு நடுவிலும் கண் அவளைத் தவறவிடாமல் பிடித்து வைப்பது.

கேமராவைத் தரையிலேயே நிறுத்துங்கள். கூட்டத்தில் ஒருவராக நின்று அவளை அண்ணாந்து பார்த்திருப்போம். மேலே போனதால் என்ன ஆயிற்று? கூட்டத்தின் முகங்கள் போய்விட்டன. ஆட்கள் புள்ளிகளாகி, புள்ளிகள் வட்டமாகி, வட்டத்துக்கு அவள் மையம் ஆகிவிட்டாள்.

கைகளைக் கவனியுங்கள். எல்லாக் கைகளும் அவளை நோக்கி நீள்கின்றன. இரண்டு பேர் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து அழுகிற ஒரு ஷாட்டை அங்கே வையுங்கள். விடுதலை அவர்களுக்குள் நடந்த விஷயமாக மாறிவிடும். இப்போது அது அவளிடமிருந்து அவர்களுக்குப் போகிற விஷயமாக இருக்கிறது.

இந்தச் சோதனையைச் செய்த பிறகு "அதனால் என்ன?" என்று யாரும் கேட்க முடியாது. பதில் ஏற்கனவே உங்கள் வாக்கியத்துக்குள் இருக்கும்.

5. யார் பேசுகிறார், யாருக்குப் பெயர் இருக்கிறது

இங்கிருந்து சித்திரிப்பு, அதாவது திரை யாரை எப்படிக் காட்டுகிறது என்பது. நான் கேட்கும் கேள்விகள் நான்கே: யாருக்குப் பெயர் உண்டு? யார் முழு வாக்கியம் பேசுகிறார்? யார் பார்க்கிறார், யார் பார்க்கப்படுகிறார்? யார் செய்கிறார், யாருக்குச் செய்யப்படுகிறது?

வெளியே வரும் கூட்டத்தில் ஒருவருக்கும் பெயர் இல்லை. அவர்களுக்கென்று இருப்பது ஒரே ஒரு சொல், அதுவும் அவளைக் குறிக்கும் சொல். இதைவிட முக்கியமான ஒன்று வசனத்தில் இருக்கிறது. உங்கள் விடுதலை நான் கொடுப்பது அல்ல, அது உங்களுடையது, நீங்களே எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற பொருளில்தான் டெனேரிஸ் பேசுகிறாள். வாய் ஒன்று சொல்கிறது, கேமராவும் கைகளும் இசையும் நேர் எதிராகச் சொல்கின்றன. வசனத்துக்கும் படத்துக்கும் சண்டை வந்தால் பார்வையாளர் நினைவில் நிற்பது படம்தான் என்பது என் கருத்து. என் கூச்சம் எங்கிருந்து வந்தது என்பதும் இந்த இடத்தில்தான் பிடிபட்டது.

வெள்ளை மீட்பர், அதாவது வெள்ளை நிறத்தவர் ஒருவர் வந்துதான் மற்றவர்களைக் காப்பாற்றுகிறார் என்ற கதை, என்ற விமர்சனம் இந்தக் காட்சி வந்தபோதே எழுந்தது. யுன்காய் காட்சிகள் மொராக்கோவின் ஐத் பென் ஹத்துவில் எடுக்கப்பட்டவை. துணை நடிகர்கள் அந்த வட்டாரத்து மக்கள், அதனால்தான் கூட்டம் அப்படித் தெரிகிறது என்ற விளக்கமும் உண்டு. இது ஒரு நல்ல பாடம். ஏன் அப்படி ஆயிற்று என்பது தயாரிப்பின் கேள்வி. என்ன பொருள் கிடைக்கிறது என்பது திரையின் கேள்வி. முதல் கேள்விக்குப் பதில் கிடைத்ததால் இரண்டாவது கேள்வி தீர்ந்துவிடாது.

"கற்பனை உலகம்தானே, அங்கே ஏது இனம்?" என்று கேட்பார்கள். கற்பனை உலகத்தை வெறுங்காற்றில் யாரும் கட்டுவதில்லை. எந்த ஊர் அரண்மனை, எந்த ஊர் மணல், யாருடைய நகை என்று ஏற்கனவே பொருள் ஏறிய செங்கல்லால்தான் கட்டுகிறார்கள். யாருக்கு எந்தச் செங்கல் கிடைத்தது என்று பாருங்கள்.

எதிர்ச் சான்றையும் எழுதுங்கள், மறைக்காதீர்கள். டெனேரிஸின் மொழிபெயர்ப்பாளரான, முன்பு அடிமையாக இருந்த மிஸ்ஸாண்டேய்க்குப் பெயர் இருக்கிறது, பத்தொன்பது மொழிகள் தெரியும், கூட்டத்திடம் முதலில் பேசுவதும் அவள்தான். ஆனால் அந்தப் பேச்சில் பெரும்பகுதி இன்னொருத்தியின் பட்டப் பெயர்கள்.

6. கோட்பாட்டாளர்களைக் கடைசியில் கூப்பிடுங்கள்

ஒருவர், மிஞ்சினால் இருவர். ஐந்து பெயர்களை வரிசையாக அடுக்கினால் கட்டுரை கல்யாணப் பத்திரிகை மாதிரி ஆகிவிடும். இந்தக் காட்சிக்கு எனக்குப் பண்பாட்டு ஆய்வாளர் ஸ்டூவர்ட் ஹால் போதும். தயாரித்தவர் ஏற்றிய பொருளும் பார்ப்பவர் இறக்கிக்கொள்ளும் பொருளும் ஒன்றாகவே இருக்க வேண்டியதில்லை என்று 1973இல் எழுதினார். ஏற்றுக்கொண்டு பார்ப்பது, பாதி ஏற்றுப் பாதி மறுத்துப் பார்ப்பது, எதிர்த்துப் பார்ப்பது என்று மூன்று நிலைகள். என் புல்லரிப்பு முதல் நிலை, கூச்சம் மூன்றாம் நிலை. ஒரே ஆள் இரண்டிலும் நிற்கலாம். சினிமா பெண்ணை ஆணின் பார்வைக்குரிய பொருளாக வைக்கிறது என்று சொன்ன லாரா மல்வியின் 1975 கட்டுரையை இங்கே இழுத்து வருகிறவர்கள் உண்டு. இதே தொடரில் அதற்கு வேறு காட்சிகள் தாராளமாக இருக்கின்றன. இங்கே அது ஒட்டாது.

7. எழுதும்போது

என் பழைய வாக்கியம்: "டாப் ஆங்கிள் ஷாட் டெனேரிஸின் அதிகாரத்தைக் காட்டுகிறது."

இப்போது எழுதினால்: "கேமரா மேலெழும்போது கூட்டத்தின் முகங்கள் மறைந்து, வெளிர்நீலப் புள்ளியாக அவள் மட்டும் அடையாளம் தெரிகிறாள், விடுதலை அவர்களுடையது என்று அவளே சொன்ன அடுத்த நிமிடத்தில், படம் அதை அவளுடைய வெற்றியாக எழுதிவிடுகிறது."

நீளம்தான். ஆனால் ஓரத்தில் பென்சில் படாது.

பிற்சேர்க்கை 1: ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் கருப்பாக வருகிறது என்று பலர் எழுதியிருந்தீர்கள். ஸ்ட்ரீமிங் தளங்களின் நகல் தடுப்பு அப்படித்தான் செய்யும், உங்கள் கணினியில் கோளாறு இல்லை. அந்தத் தளங்களின் வீடியோ விஎல்சியிலும் திறக்காது. நிறுத்தி நிறுத்திப் பார்த்து, தாளில் குச்சி மனிதர்களாக வரைந்துகொள்ளுங்கள். கேலி இல்லை. வரைந்தால் யார் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பது மறக்கவே மறக்காது.

பிற்சேர்க்கை 2: டப்பிங்கில் பார்த்த ஒருவருக்கு ஐந்தாம் படி வேலை செய்யவில்லை. இது எனக்குத் தோன்றாத சிக்கல். மூலத்தில் இந்தத் தொடர் டேவிட் பீட்டர்சன் இதற்காகவே உருவாக்கிய வலேரிய மொழிகள் என்ற கற்பனை மொழிகளையும் ஆங்கிலத்தையும் பிரித்து வைக்கிறது. யார் பேச்சுக்குச் சப்டைட்டில் தேவைப்படுகிறது என்பதே ஒரு சித்திரிப்பு. எல்லாரையும் ஒரே மொழியில் பேசவைத்தால் அந்த வேலி காணாமல் போகும். மூல ஒலியில் ஒரு தடவையாவது கேளுங்கள்.

பிற்சேர்க்கை 3: "2019இல் வந்த கடைசிச் சீசனில் டெனேரிஸே ஒரு நகரத்தை எரிக்கிறாளே, அப்படியானால் மீசா காட்சி முன்னெச்சரிக்கைதானே?" நல்ல கேள்வி. நான் இரண்டு தாள் வைப்பேன். ஒன்று, 2013இல் பார்த்தவருக்குக் கிடைத்தது. இன்னொன்று, முடிவு தெரிந்து பார்ப்பவருக்குக் கிடைப்பது. இரண்டையும் ஒரே பத்தியில் கலந்து எழுதிய கட்டுரைகள்தான் இந்த மாதம் எனக்கு வந்தவற்றில் அதிகம். முதல் தாளை முடித்து, மடித்து வைத்துவிட்டு இரண்டாவதை எடுங்கள்.