வல்லூறா, அக்காக்குயிலா? அலகைப் பாருங்கள்

மரக்கிளையில் சாம்பல் முதுகும் பட்டை போட்ட வாலுமாகப் புறா அளவில் ஒரு பறவை உட்கார்ந்திருந்தால், உடனே ‘வல்லூறு’ என்று குறித்துவிடாதீர்கள். முதலில் அலகைப் பாருங்கள். குட்டையாக, நுனி கொக்கிபோல் கீழே வளைந்திருந்தால் வல்லூறு (வைரி என்றும் சொல்வார்கள்). ஏறக்குறைய நேராக, நுனி லேசாக மட்டும் இறங்கியிருந்தால் அது அக்காக்குயில்.

நிறம், வால், சிறகை நாலு தட்டு தட்டிவிட்டு மிதந்து போகிற பாணி எல்லாவற்றிலும் இந்தக் குயில் வல்லூறை அப்படியே ஒத்திருக்கும். வேஷம் அலகு வரைக்கும் வரவில்லை, அவ்வளவுதான். வல்லூறுக்குச் சதையைக் கிழிக்கக் கொக்கி வேண்டும்; கம்பளிப்புழு தின்னும் குயிலுக்கு அது தேவையில்லை. சந்தேகம் தீரவில்லையா? வல்லூறின் வெள்ளைத் தொண்டை நடுவில் மெல்லிய சாம்பல் கோடு ஒன்று இறங்கும். கிளையில் வந்து அமர்ந்ததும் வாலை இடவலமாக ஆட்டினால் பெரும்பாலும் குயில்தான்.

பறவை வெயிலுக்கு எதிரே நிழலுருவாகத் தெரிந்தாலோ, தலைக்கு மேல் சட்டென்று கடந்து போனாலோ இது உதவாது. தோப்பு, ஊரோர மரங்கள், இலையுதிர் காடு என்றால் இந்த அடையாளங்கள் போதும். மேற்குத்தொடர்ச்சி மலையின் அடர்காட்டுக்குள் கதை வேறு. அங்கே பெஸ்ரா, கொண்டை வல்லூறு என்ற வேறு இரண்டு வேட்டைப் பறவைகளுக்கும் கொக்கி அலகும் தொண்டைக் கோடும் உண்டு. கோடு இன்னும் தடித்துக் கறுத்திருக்கும்.