கூச்சா சௌத்ரிக்குப் போகும் முன்: கேமரா வாங்குவோர் கவனத்துக்கு

தில்லியில் கேமரா எங்கே வாங்கலாம் என்று யாரைக் கேட்டாலும் சாந்தினி சௌக், கூச்சா சௌத்ரி என்றுதான் கையைக் காட்டுவார்கள். தப்பில்லை. அந்தச் சந்துக்குள் பாடி (லென்ஸ் இல்லாத கேமரா), லென்ஸ், டிரைபாட், லைட் என்று கடை கடையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள், விலையும் பேசலாம். ஆனால் என்ன வேண்டும் என்று தெரியாமல் போய் நின்றால், எது விற்காமல் தேங்கிக் கிடக்கிறதோ அதைத்தான் நம் தலையில் கட்டுவார்கள். எனவே எந்தக் கம்பெனி, எத்தனை மெகாபிக்சல் என்பதையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு, எதைப் படம் எடுக்கப் போகிறோம் என்பதை முதலில் வீட்டிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். "எல்லாத்தையும்தான்" என்பது பதில் இல்லை.

கொலு, பிறந்தநாள், குதுப் மினார் முன்னால் ஊரிலிருந்து வந்த சித்தப்பா குடும்பம், இவ்வளவுதான் என்றால் கையில் இருக்கும் போனே போதும், காசை மிச்சம் பிடியுங்கள். போன் திணறுவது முக்கியமாக இரண்டு இடங்களில்: வெளிச்சம் குறைந்த இடத்தில் அசைந்துகொண்டே இருக்கும் ஆள், எட்டத்தில் இருக்கும் சின்ன உருவம்.

முதலாவதற்கு நம் வீடுகளில் நல்ல உதாரணம் அரங்கேற்றம். மேடையில் மட்டும் வெளிச்சம், பிள்ளை ஒரு நொடி நிற்க மாட்டாள், ஃப்ளாஷ் போட்டால் குருவே முறைப்பார். ஆடும் கை கலங்காமல் விழ ஷட்டர் வேகம் (ஒளியை உள்ளே விடும் நேரம்) 1/250 நொடியாவது வேண்டும், குதிக்கும் இடங்களில் 1/500. கேமராவோடு கிட் என்று தரும் 18-55 லென்ஸை முழுக்க ஜூம் செய்தால் அது எஃப் 5.6-க்கு மேல் திறக்காது (எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அகலமாகத் திறக்கும்). 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் அதைவிட ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். அதாவது இதில் ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்குக் கேமரா காட்டும் உணர்திறன்) 1600-இல் முடிகிற படத்துக்குக் கிட் லென்ஸில் 16,000 பக்கம் ஏற்ற வேண்டும், முகத்தில் மணலைத் தூவியது போல வரும். பாடி எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. அதனால்தான் சொல்கிறேன், போன வருட மாடலோ பழைய பாடியோ வாங்கி அங்கே மிச்சமாகும் பணத்தை லென்ஸில் போடுங்கள். உட்காரும் இடம் பின்வரிசை என்றால் 85 எம்எம் எஃப் 1.8.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. நிக்கானின் டி3500 போன்ற ஆரம்பநிலை டிஎஸ்எல்ஆர்களில் (உள்ளே கண்ணாடி வைத்த கேமராக்கள்) ஃபோகஸ் மோட்டார் பாடிக்குள் கிடையாது. மலிவாக இருக்கிறதே என்று 50 எம்எம் எஃப் 1.8 டி லென்ஸை வாங்கி மாட்டினால் ஆட்டோஃபோகஸ் வேலை செய்யாது, கையால்தான் திருக வேண்டும். அதே லென்ஸின் ஜி வகையில் மோட்டார் உள்ளேயே இருக்கிறது. கடையில் "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்பார்கள், ஒன்று இல்லை.

டிஎஸ்எல்ஆரா, அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ்ஸா? கேனனும் நிக்கானும் 2018-இல் தங்கள் புது மிரர்லெஸ் மவுண்டுகளை (லென்ஸ் மாட்டும் வாய்)க் கொண்டுவந்த பிறகு புதுச் சரக்கெல்லாம் அந்தப் பக்கம்தான். புதிதாக வாங்கி, பல வருடம் லென்ஸ் சேர்க்கும் எண்ணம் இருந்தால் மிரர்லெஸ். சைலண்ட் ஷட்டர் கச்சேரிக்கு ரொம்ப வசதி, ஆனால் எல்இடி விளக்கு மேடையில் சில சமயம் படத்தில் கோடு கோடாக விழும், விழுந்தால் மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறிவிடுங்கள். செகண்ட் ஹேண்டில் கற்றுக்கொள்ள வாங்குகிறவருக்கு டிஎஸ்எல்ஆர் இன்னும் நல்ல பேரம்தான். பேட்டரியை மட்டும் பாருங்கள்: ஒரு சார்ஜுக்கு டி3500-க்குக் கம்பெனி சொல்லும் கணக்கு 1550 படம், அதே நிக்கானின் மிரர்லெஸ் இசட்30-க்கு 330. மிரர்லெஸ் என்றால் கூடுதல் பேட்டரி ஒன்றையும் சேர்த்தே விலை பேசுங்கள்.

மெகாபிக்சல் பற்றி இரண்டே வரி. 24 மெகாபிக்சல் என்றால் 6000 x 4000 புள்ளி, 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) 20 x 13 அங்குலத்துக்குத் தாராளமாக பிரிண்ட் போடலாம். கல்யாண ஆல்பத்துக்கே அது போதும்.

பறவைப் பைத்தியங்களுக்குக் கதை வேறு. குளிர்காலத்தில் காஷ்மீரி கேட் பக்கம் யமுனைப் படித்துறையில் மொய்க்கும் கடற்காகங்கள் தலைக்கு மேலேயே பறக்கும், அங்கே கிட் லென்ஸே போதும். ஓக்லா பறவைகள் சரணாலயத்தில் வாத்துகள் நடு நீரில் இருக்கும். அதற்கென்று 3000 எம்எம் வரை இழுக்கும் நிக்கான் பி1000 போன்றவற்றைக் காட்டி நிலாவைப் படம் எடுத்துக் காண்பித்து மயக்குவார்கள். நிலா அருமையாகத்தான் வரும். ஆனால் உள்ளே இருக்கும் சென்சார் (ஒளியைப் படமாக்கும் சில்லு) ஏறக்குறைய 6 x 4.5 மில்லிமீட்டர், ஃபுல் ஃப்ரேம் என்ற பெரிய வகையில் அது 36 x 24. தவிர முழு ஜூமில் எஃப் 8 ஆகிவிடும், தில்லியின் டிசம்பர் மூடுபனிக் காலையில் அது கண்ணைக் கட்டிவிட்டது போலத்தான். வெயில் ஏறிய பிறகே போகிறவர் என்றால் வாங்குங்கள், இல்லாவிட்டால் ஏபிஎஸ்-சி (ஃபுல் ஃப்ரேமைவிடச் சின்ன சென்சார்) பாடியும் 70-300 லென்ஸும்.

சரி, கடைக்கு வந்தாச்சு. பழையது என்றால் இதையெல்லாம் கூச்சப்படாமல் கடையிலேயே செய்யுங்கள். லென்ஸைக் கழற்றி, துவாரத்தை முழுக்கத் திறந்து, போன் டார்ச்சைப் பின்பக்கமிருந்து அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி நூல் நூலாகத் தெரிந்தால் பூஞ்சை, எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். எஃப் 16 வைத்து வெள்ளைச் சுவரை எடுங்கள், கறுப்புப் பொட்டு தெரிந்தால் சென்சாரில் தூசி, இது துடைத்தால் போய்விடும், விலை குறைக்க மட்டும் பயன்படும். மூடியைப் போட்டு சில நொடி எக்ஸ்போஷர் கொடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் ஹாட் பிக்சல் (இருட்டிலும் ஒளிரும் கெட்டுப்போன புள்ளி) மினுக்கும். அடிப்பக்க ஸ்க்ரூக்களில் கீறல் இருந்தால் யாரோ பிரித்திருக்கிறார்கள். ஷட்டர் எண்ணிக்கை (இதுவரை எத்தனை முறை க்ளிக் ஆகியிருக்கிறது) நிக்கானில் படத்தோடு பதியும் எக்ஸிஃப் தகவலிலேயே இருக்கும். ஆரம்பநிலை பாடிகளுக்கு ஒரு லட்சம் வரை தாங்கும் என்று கணக்கு.

புதியது என்றால் "பக்கா பில்லா, கச்சா பில்லா" (வரியோடு முறையான பில்லா, வெறும் துண்டுச் சீட்டா) என்று கேட்கக்கூடும். கேமராவுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி, கச்சா பில்லில் அது குறைவது போலத் தெரியும், ஆனால் நாளைக்கு சர்வீஸ் சென்டரில் அந்தத் துண்டுச் சீட்டைக் காட்டினால் வாரண்டி எடுபடாது. பெட்டி, பாடி, வாரண்டி கார்டு மூன்றிலும் சீரியல் நம்பர் ஒன்றா என்று பார்த்து, அதே நம்பரை பில்லில் எழுதச் சொல்லுங்கள். இந்திய வாரண்டி இல்லாத இறக்குமதிச் சரக்கு மலிவாக வரும், பழுதானால் செலவு உங்களுடையது.

இலவசமாகத் தரும் மெமரி கார்டை நம்பி அரங்கேற்றத்துக்குப் போகாதீர்கள். 128 ஜிபி என்று எழுதியிருக்கும், உள்ளே அவ்வளவு இருக்காது. எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் முழுக்க நிரப்பிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். அப்புறம், ஞாயிற்றுக்கிழமை கிளம்பாதீர்கள், சாந்தினி சௌக் மார்க்கெட்டுக்கு அன்று லீவு. மற்ற நாளில் காலையிலேயே போய், லால் கிலா மெட்ரோவில் இறங்கி நடந்துவிடுங்கள். மாலைக் கூட்டத்தில் டார்ச் அடித்து லென்ஸ் பார்க்க எந்தக் கடைக்காரருக்கும் பொறுமை இருக்காது.