ஆபீஸ் வேலையாக பாங்காக் வருகிறீர்களா? முதல் இரண்டு நாளுக்கு இது போதும்

பத்து நாள் பாங்காக் போய் வா என்று மெயில் வந்ததும் நாம் பெட்டி கட்டத்தான் ஓடுவோம், ஆனால் முதல் வேலை டிடிஏசி, அதாவது தாய்லாந்தின் டிஜிட்டல் வருகை அட்டை. விமானத்தில் கொடுத்த காகித அட்டைக்குப் பதிலாக 2025 மே 1 முதல் வந்திருக்கும் ஆன்லைன் படிவம் இது, இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும், இலவசம். பணம் கேட்கிற தளம் அரசுத் தளம் இல்லை, மூடிவிடுங்கள். விசா விதி அடிக்கடி மாறுவதால் போன வருடம் போன நண்பர் சொன்னதை வைத்துக் கிளம்பாதீர்கள். மீட்டிங்கில் உட்கார்ந்து பேசுவது வேறு, ஆலைக்குள் போய் மெஷினைக் கழற்றி மாட்டுவது வேறு. இரண்டாவது உங்கள் வேலை என்றால் என்ன அனுமதி வேண்டும் என்று எச்ஆரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இ-சிகரெட் அங்கே தடை, வீட்டிலேயே இருக்கட்டும்.

சுவர்ணபூமி விமான நிலையத்தில் வெளியே வந்ததும் 'டாக்ஸி, டாக்ஸி' என்று கூப்பிடுபவர்களைத் தாண்டி தரைத்தளத்துக்குப் போய் மெஷினில் சீட்டு எடுங்கள். சீட்டில் இருக்கும் எண் வண்டி நிற்கும் இடத்தின் எண். மீட்டருக்கு மேல் 50 பாட் விமான நிலையக் கட்டணம், டோல் நம் செலவு. எனக்கு வந்தவர் மீட்டரைத் தொடாமல் மொத்தமாக 700 கேட்டார், 'மீட்டர்' என்று நான் விரலை நீட்டியதும் சிரித்துக்கொண்டே போட்டார். சீட்டைக் கேட்டாலும் கொடுக்காதீர்கள், புகார் சொல்ல அதுதான் ஆதாரம். சாயங்கால நெரிசல் நேரம் என்றால் டாக்ஸியே வேண்டாம், கீழேயே இருக்கும் ரயிலில் பாயா தாய் வரை போய் அங்கே பிடிஎஸ் என்ற மேம்பால ரயிலுக்கு மாறிக்கொள்ளலாம். பணம் மாற்றுவதானால் அந்த ரயில் நிலையத்தை ஒட்டியிருக்கும் கவுன்டர்களில் மாற்றுங்கள், மேலே இருப்பதைவிட நல்ல ரேட். ஏடிஎம்மில் நம் கார்டைப் போட்டால் ஒவ்வொரு தடவைக்கும் 200 பாட்டுக்கு மேல் போய்விடும்.

சாப்பாடு. அசைவம் சாப்பிடுபவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். நான் முதல் நாள் வண்டிக்கடையில் கறி இல்லை, முட்டை இல்லை என்று சைகையிலேயே ஜெயித்து, வெறும் காய்கறி போட்ட சோறுதானே என்று நிம்மதியாக நின்றேன், கடைசி நொடியில் அந்த அம்மா ஒரு பாட்டிலை எடுத்து மூன்று சுற்று சுற்றி ஊற்றினார். 'நாம் பிளா', அதாவது மீன் சாறு. அவர்களுக்கு அது உப்பு மாதிரி, அதைப் போய் அசைவம் என்று யாரும் நினைப்பதே இல்லை. அதனால் சொல்ல வேண்டிய வார்த்தை 'ஜே', சுத்த சைவம். மஞ்சள் பலகையில் சிவப்பாக 17 என்று எழுதியது போல ஒரு எழுத்து தெரியும், அந்தக் கடையில் மீன் சாறு மட்டுமல்ல, வெங்காயம் பூண்டுகூட இருக்காது. அது கிடைக்காத நாளுக்கு 'மாய் சாய் நாம் பிளா' (மீன் சாறு போட வேண்டாம்) என்று மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

ஆபீசில் பேருக்கு முன்னால் 'குன்' சேர்த்துக் கூப்பிடுங்கள், நம் 'குணம்' என்ற சொல்லுக்கும் இதற்கும் மூலம் ஒன்றுதான். ரசீதில் வருடம் 543 கூடுதலாக இருந்தால் பதற வேண்டாம், அது புத்த ஆண்டு. அப்புறம் காலை 8 மணிக்கும் மாலை 6 மணிக்கும் ரயில் நிலையத்தில் தேசிய கீதம் ஒலிக்கும். நான் போனைப் பார்த்தபடி நான்கு அடி நடந்த பிறகுதான் பிளாட்பாரத்தில் என்னைத் தவிர ஒருவரும் அசையவில்லை என்று தெரிந்தது. நின்றுவிடுங்கள். அரச குடும்பத்தைப் பற்றி விளையாட்டாகக்கூடப் பேச வேண்டாம், சட்டம் கடுமையானது, சிறைதான்.

ஞாயிற்றுக்கிழமை சும்மா இருந்தால் சீலோம் சாலையில் நம் ஊர்க்காரர்கள் 19-ஆம் நூற்றாண்டில் கட்டிய மாரியம்மன் கோயிலுக்குப் போய் வாருங்கள், மாலையும் தேங்காயுமாக வரிசையில் நிற்பவர்களில் பாதிக்கு மேல் தாய்லாந்துக்காரர்களாக இருப்பார்கள். டாக்ஸிக்காரரிடம் மாரியம்மன் என்றால் விழிப்பார், 'வாட் கேக்' என்று சொல்லுங்கள்.